ஒவ்வொரு வரியும் இரண்டு தரம்

பாட்டுச் சங்கம் நடத்துகிறவனுக்குப் பெரிய தொல்லை பாய்தான். குறைவாக விரித்தால் வந்தவர்கள் மணலில் உட்கார்ந்து வேட்டியை உதறிக்கொண்டே இருப்பார்கள். அதிகமாக விரித்தால் காலிப் பாயைப் பார்த்துப் பாடுகிறவர்களின் குரல் இறங்கிவிடும். எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பதுதான் காரியதரிசியின் சாமர்த்தியம். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட நான் தப்பாக விரித்ததில்லை.

மருந்துப் பாட்டிலைப் பற்றி மட்டும் எழுதினால் போதும் என்கிறார் இன்ஸ்பெக்டர் வாசுதேவன். எழுதுகிறேன். ஆனால் அதை மட்டும் எழுதினால் படிக்கிறவர்கள் என்னைக் கெட்ட மனசுக்காரன் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பொறுமை உண்டு. ஆனால் நான் பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

என் பெயர் உலகநாதன். சதுரங்கப்பட்டினத்தில் ஒரு டாக்டரிடம் பதினோரு வருஷமாகக் கம்பவுண்டர். ஐம்பத்து மூன்றாம் வருஷம் நானும், கயிற்று மண்டி வைத்திருக்கும் ஹயாத் பாஷாவும் சேர்ந்து கிராமியப் பாட்டுச் சங்கம் ஆரம்பித்தோம். அவர் தலைவர், நான் காரியதரிசி. இடம் அவருடையது, உழைப்பு என்னுடையது. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவருடைய மண்டி முற்றத்தில், டச்சுக் கோட்டையின் இடிந்த சுவருக்கு எதிரே, கூட்டம் நடக்கும். நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு, வலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டு, கும்மி எல்லாம் உண்டு. ஏழரைக்கு முடித்துவிடுவேன்.

அன்றைக்கு என்னென்ன பாட்டு என்று புதன்கிழமையே நோட்டீஸ் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுவேன். எழுதி ஒட்டிய பாட்டு பாடப்படாமல் போனதே இல்லை. இன்னொரு பழக்கமும் எங்கள் சங்கத்துக்கு உண்டு. பாடுகிறவர்கள் ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் பாட வேண்டும். முதல் தரம் கேட்கிறவர்களுக்கு, இரண்டாம் தரம் எனக்கு. நான் நோட்டில் எழுதி முடித்துப் பென்சிலைத் தூக்கினால்தான் அடுத்த வரி.

"கம்பவுண்டரு மருந்து குடுக்கறாப்பல பாட்டையும் டோசு டோசா வாங்கிக்கினு கீறாருபா" என்று ஹயாத் பாஷா கேலி செய்வார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த நோட்டில் இருநூற்றுப் பதினான்கு பாட்டு இருக்கிறது. அவர் பெயரில் எத்தனை இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

சங்கத்தின் உயிர் செல்லம்மா. நாற்பது வயது இருக்கும். சேரியிலிருந்து வருகிறவள், நடவு வேலை செய்கிறவள். புருஷன் என்றோ மலேயாவுக்குப் போய்க் கடிதம்கூடப் போடாமல் இருந்துவிட்டான். தங்கை பொன்னியைத் தோளில் போட்டு வளர்த்தவள் அவள்தான். செல்லம்மா ஒரு வரி எடுத்தால் பொன்னி அதை வாங்கிப் பாடுவாள். வயலில் வேலை இல்லாத மாசங்களில் இருவரும் கேளம்பாக்கம் உப்பளத்துக்குப் போய்விடுவார்கள். அந்த மாசங்களில் சங்கம் சப்பென்று இருக்கும், பாயையும் பாதிதான் விரிப்பேன்.

சங்கத்தில் மேல் கீழ் கிடையாது, எல்லாரும் என்னை அண்ணாத்த என்றே கூப்பிடலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். சேரி ஜனங்களில் ஒருவரும் கூப்பிடவில்லை. செல்லம்மாவுக்குக் கடைசிவரை நான் கம்பவுண்டரய்யாதான். பொன்னி ஒருத்திதான் வாய் நிறைய அண்ணாத்த என்றாள். அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடிக்கும். இதையும் வாக்குமூலத்தில் விட்டுவைக்கும்படி இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய தாயார் இறந்துபோனாள். நான் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். பனைமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் அப்படியே நின்றேன். செல்லம்மா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் போல ஒன்றை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. என் வாழ்க்கையில் நான் அழுதது அன்றைக்குத்தான். என்னிடம் அன்று பென்சில் இல்லை.

பிறகு எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன். "அது அன்னிக்கு வந்துச்சு, அவகூடவே போயிட்ச்சு" என்று சொல்லிவிட்டாள். நானும் விடவில்லை. ஊரில் யார் செத்தாலும் நோட்டோடு போய் வாசலில் நின்றேன். ஏழு சாவுக்குப் போயிருக்கிறேன். அடுத்த வீட்டுப் பிணத்துக்கு அவள் பாடுவதெல்லாம் எல்லாப் பெண்களும் பாடுகிற அதே வரிகள்தான், ஒப்புக்கு அழுவது. சொந்த ரத்தத்துக்கு மட்டும்தான் அவளுக்குப் பாட்டு ஊறுகிறது. ஏழாவது சாவில் இது எனக்குத் தெளிவாகிவிட்டது. அதற்கு மேல் அப்போது நான் எதையும் யோசிக்கவில்லை.

இந்தப் புரட்டாசியில் பட்டணத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. கிராமியப் பாட்டுகளைத் தேடிச் சேகரிக்கும் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கும்மியும் ஏற்றப் பாட்டும் எல்லா ஊரிலும் கேட்டாயிற்று, கலப்பில்லாத ஒப்பாரி உங்களிடம் உண்டா, உண்டென்றால் வரும் சனிக்கிழமை வருகிறோம், இல்லையென்றால் செங்கல்பட்டிலேயே வேறொரு குழுவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று. நான் ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். உண்டு.

செவ்வாய்க்கிழமை செல்லம்மாவைக் களத்து மேட்டில் பார்த்துக் கேட்டேன்.

"இன்னா கம்பவுண்டரய்யா, வெளையாடறியா? பொணம் இல்லாம ஒப்பாரி வெச்சா அது வூட்டுக்கு ஆவாது. கும்மி கேளு, விடிய விடியப் பாடறேன். இத்த மட்டும் கேக்காத."

"சும்மா பாட்டுதானே செல்லம்மா."

"உனுக்குப் பாட்டு. எனுக்கு அது பாட்டு இல்ல" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை வழக்கம்போல நோட்டீஸ் எழுதினேன். ஐந்து பாட்டு எழுதிவிட்டு, ஆறாவதாக, 'ஒப்பாரி, செல்லம்மா' என்று எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது என் மனசில் ஒரு திட்டமும் கிடையாது. எழுதி ஒட்டியது நடந்துவிடும் என்கிற நம்பிக்கைதான்.

மறுநாள் ஹயாத் பாஷா டிஸ்பென்சரிக்கே வந்துவிட்டார். "இன்னாய்யா இது? அந்தம்மா பாட மாட்டேன்னு எங்கிட்டயே சொல்லிக்கீது. நீ பாட்டுக்கு எழுதி ஒட்டிக்கீறே?"

"சனிக்கிழமைக்குள்ள மனசு மாறும் பாய்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. செங்கல்பட்டுக் குழுவோடு அவருக்கு ஏதோ உள்பேச்சு இருக்கிறது என்று எனக்கு அப்போதே சந்தேகம். இப்போதும் அந்தச் சந்தேகம் போகவில்லை.

அன்று சாயங்காலம் பொன்னி காய்ச்சலோடு வந்தாள். காய்ச்சலை நான் வரவழைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தார், நான் மிக்ஸ்சர் கலந்தேன், ஒரு வேளைக்கு ஒரு கோடு என்று தெரியக் காகிதத்தில் பல் வெட்டிப் பாட்டிலில் ஒட்டினேன். அந்த முதல் பாட்டிலில் ஒரு தப்பும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கே காய்ச்சல் விட்டுவிட்டது. கடைவீதியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நாளைக்கு நானும் பாட வந்துடுவேன் அண்ணாத்த" என்றாள். நல்லதம்மா என்றேன். வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனசு அப்படிக் கனத்துப்போயிருந்தது. ஒன்றும் உணராமல் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

சனிக்கிழமை டாக்டர் செங்கல்பட்டுக்குப் போய்விடுவார். காலையில் பொன்னியைக் கூப்பிட்டு, காய்ச்சல் திரும்பாமல் இருக்க இன்னொரு பாட்டில் குடிக்க வேண்டும் என்று கொடுத்தேன். அந்த இரண்டாவது பாட்டிலில் நான் கலந்தது மருந்து இல்லை. என்ன கலந்தேன் என்பது இன்ஸ்பெக்டருக்கு வந்திருக்கும் பரிசோதனைக் காகிதத்தில் இருக்கிறது, அது சரிதான். மூன்று பல் வெட்டி ஒட்டினேன். இரண்டே போதும். ஆனால் இரண்டு மட்டும் வெட்டினால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும்.

விருந்தாளிகள் இருவரும் திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் மூன்று மணிக்கு வந்து இறங்கினார்கள். டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்றே முக்காலுக்கு, ஐந்து பாட்டு பிறகு ஆகட்டும், ஆறாவதை முதலில் கேட்டுவிடலாம் என்று அழைத்துக்கொண்டு கிளம்பினேன். சாவு வீட்டில் பட்டணத்துக்காரர்களை வெறும் மண்ணில் உட்கார வைக்க முடியாது. இரண்டு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். நோட்டு, சீவிய பென்சில் இரண்டு.

நாங்கள் சேரிக்குள் நுழைந்தபோதுதான் முதல் கூக்குரல் கேட்டது. சேதி சொல்லப் போகிறவன் அப்போதுதான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தான். என்னையும் பாயையும் பார்த்து அவன் அப்படியே நின்றுவிட்டான். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ப் பாயை விரித்தேன். சரியாக மூன்று பேருக்கு.

செல்லம்மா அழவில்லை. தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாட்டில் இருந்தது. அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்து முகர்ந்தாள். பெண்கள் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். ஹயாத் பாஷாவும் வந்து வாசலில் நின்றார். அவள் வாயையே திறக்கவில்லை. எனக்குக் கவலையாகிவிட்டது. பட்டணத்துக்காரர்களில் ஒருவர் என் காதருகே குனிந்து, "நாங்க போயிடறோம் சார், இது நல்லா இல்லை" என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

அப்போது அவள் நிமிர்ந்தாள். முதலில் பாயைப் பார்த்தாள். பிறகு என் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

*கோடு வெட்டி ஒட்டி வெச்சுக் குடுத்தனுப்பின பாட்டிலிலே*
*ரெண்டாங் கோடு தாண்டலியே என் பொன்னி*
*ரெண்டு கண்ணும் மூடிட்டியே*

*கசக்குதுக்கான்னு சொன்னியேடி, கண்ணெ மூடிக் குடின்னேனே*
*அண்ணாத்த குடுத்ததுன்னு என் பொன்னி*
*ஆசையாக் குடிச்சியேடி*

*சேதி சொல்ல ஆள் போவல, செத்த மோளம் கட்டவில்ல*
*பாய் சுருட்டி வந்தாரே என் பொன்னி*
*நீ போவேன்னு யார் சொன்னா*

தாயாருக்குப் பாடியதைவிட இது மேல். 'சேதி' என்று எடுத்துச் 'செத்த மோளம்' என்று அவள் இறங்கியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்றாவது கண்ணியில் சுற்றியிருந்த பெண்கள்கூட அழுவதை நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் ஏன் என் பக்கம் திரும்புகிறார்கள் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் ஹயாத் பாஷா வந்து கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன், பெருமையாகத்தான் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுத் திருப்பித் தரவில்லை. நேரே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார்.

ஆக, குற்றம் என்னுடையதுதான். பொன்னியைக் கொன்றவன் நான். கையெழுத்துப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நோட்டில் அந்தப் பாட்டில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை என்பதை மட்டும் கோர்ட்டில் சொல்ல வேண்டும்.

செல்லம்மாவுக்கு என் மேல் தீராத வன்மம் என்கிறார் இன்ஸ்பெக்டர். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிறவள் யாருக்காகவும் நிறுத்தி நிறுத்திப் பாடுவது கிடையாது. ஏழு சாவு பார்த்தவன் சொல்கிறேன். ஆனால் அன்று அவள், தங்கையை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் பாடினாள். நான் பென்சிலைத் தூக்கும்வரை என் கையையே பார்த்துக் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த வரியை எடுத்தாள். ஒரு வார்த்தையும் எனக்கு விட்டுப்போகக் கூடாது என்று அவளுக்கு எவ்வளவு அக்கறை.