இரவல் சாட்சி

— மூண்டாம் ஓலை வாசிக்கேல்லை, மாஸ்ரர். அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுறன். போன ரெண்டு ஞாயிறும் கோயிலிலை போதகர் எழும்பி நிண்டு, ஐரிசுக்கும் சிமியோனுக்கும் விவாகம், தடை இருக்கிறவை சொல்லுங்கோ எண்டு வாசிச்சவர். இண்டைக்கு எங்கடை பேர் வாற இடத்திலை கடுதாசியை மடிச்சு வேதப்புத்தகத்துக்குள்ளை வைச்சிட்டார்.

— முதலிலை கதிரையிலை இரு, சிமியோன். தெல்லிப்பழையிலையிருந்து நல்லூருக்கு இந்த வெய்யிலுக்கை சைக்கிள் மிதிச்சு வந்திருக்கிறாய். யோசப்பின், தம்பிக்குக் குடிக்க ஏதும் கொண்டு வா.

— எனக்கு ஒண்டும் வேண்டாம். அக்கா, நீங்களும் இதிலை நில்லுங்கோ. உங்கடை அண்ணை சொல்லப்போறதை இன்னொரு ஆளும் கேட்டிருக்க வேணும்.

— நிக்கிறன், தம்பி. தையல்தானே, அதை இதிலை இருந்தும் தைக்கலாம்.

— இந்தப் புத்தகத்திலை என்ரை பேரைப் போட்டது ஆர்?

— ஆறுதலாய்க் கதை. உது புத்தகமில்லை, துண்டுப் பிரசுரம். போதை விலக்குச் சங்கம் வாலிபருக்கு எண்டு அடிச்சது.

— பேரைப் போட்டது ஆர் எண்டு கேட்டனான்.

— நான்தான். சங்கத்துச் செயலாளர் நான். வேறை ஆர் போடுறது?

— "உரும்பிராய்ச் சிமியோன் என்னும் வாலிபர் தம் வாயாற் சொன்ன சாட்சி." ஊரைப் போட்டு, பேரைப் போட்டு, தகப்பன் பேரை மட்டும் ஏன் விட்டனீங்கள்? கடுதாசியிலை இடம் காணேல்லையோ?

— நக்கல் கதை வேண்டாம்.

— நக்கலோ? நேராய்க் கதைச்சால் அழுதுபோடுவன் எண்டுதான் இப்பிடிக் கதைக்கிறன். முப்பத்தொண்டாம் ஆண்டு கொடிகாமத்துப் பள்ளிக்கூடத்திலை நாங்கள் என்ன பேசினாங்கள், மாஸ்ரர்?

— ஞாபகம் இருக்கு.

— அக்காவும் கேக்கட்டும். நான் லாந்தர்ப்பெட்டி தூக்கிக்கொண்டு இவருக்குப் பின்னாலை திரிஞ்ச காலம். சுவரிலை படம் விழுது, அபின் திண்டவன்ரை ஈரல் கறுத்துப்போய்க் கிடக்கு. பொடியள் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்கள். பின்வாங்கிலை இருந்து ஒருத்தன் ஆட்டீரல் என்ன விலை எண்டு கேக்கிறான். இவர் வேர்த்து விறுவிறுத்து என்னட்டை வந்தார். "சிமியோன், ஆரோ ஒருத்தன் கெட்டான் எண்டால் உவங்கள் கேக்கமாட்டாங்கள். நான் கெட்டன் எண்டு ஒருத்தன் எழும்பி நிக்க வேணும்" எண்டார். அடுத்த கூட்டத்துக்கு வரேக்கை சாட்சியை எழுதியே கொண்டு வந்திட்டார்.

— எழுதித் தந்தனான்தான். நீயும் சம்மதிச்சனீ.

— ஓம், சம்மதிச்சனான். தகப்பனில்லாத பொடியனைக் கூப்பிட்டுப் பக்கத்திலை இருத்திப் படிப்பிச்சது நீங்கள். கிணத்திலை குதியடா எண்டிருந்தாலும் குதிச்சிருப்பன். ஆனால் ஒண்டே ஒண்டு கேட்டனான். வலிகாமத்துக்குள்ளை வேண்டாம், என்ரை சொந்தம் இருக்கிற ஊருகளிலை வேண்டாம், தென்மராட்சியிலையும் தீவுப்பக்கத்திலையும் மட்டும் சொல்லுவம் எண்டு. பேர் ஒருநாளும் வெளியிலை வராது எண்டு நீங்கள் வேதப்புத்தகத்திலை கை வைச்சனீங்கள்.

— பார் சிமியோன், நீ சின்னப் பிள்ளையில்லை. பொதுக்காரியம் எண்டால் என்ன எண்டு உனக்கு விளங்க வேணும். உன்ரை சாட்சியைக் கேட்டு ஆயிரத்துநூறு பிள்ளையள் சத்தியக் கடுதாசியிலை கையெழுத்து வைச்சிருக்கினம். அபின் தொடமாட்டம், கஞ்சா தொடமாட்டம், கள்ளுக் குடிக்கமாட்டம் எண்டு. பேந்து நீ தபால்கந்தோர் வேலை கிடைச்சு வவுனியாவுக்குப் போயிட்டாய். கூட்டத்திலை எழும்பிச் சொல்ல ஆள் இல்லை. அச்சிலை போட்டால் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போகும். பேரில்லாத சாட்சியை ஆர் நம்புவினம்?

— எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போனதுதான். ஐரிஸ் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கட்டுப் போனது. அவ அஞ்சாம் வகுப்புக்கு முன்னாலை நிண்டு உரத்து வாசிச்சவ. ரெண்டாம் பக்கத்தைத் திருப்பினால் அதிலை நான். பிள்ளையள் விடேல்லையாம். "பிறகென்ன ரீச்சர், அவர் பிறகென்ன செய்தவர்" எண்டு கத்திச்சுதுகளாம். முழுக்க வாசிச்சு முடிச்சுப்போட்டுத்தான் அவ வீட்டை போனவ.

— ஐயோ.

— ஆர் ஐயோ எண்டது? நீங்களோ அக்கா? உங்களுக்காவது அந்தச் சொல்லு வாயிலை வந்துது.

— நான் போய் ஏர்னெஸ்ட் ஐயாவைக் கண்டு கதைக்கிறன். பெட்டையின்ரை தகப்பன், ஒரு கோவம் வரும்தானே. இந்தக் கிழமைக்குள்ளை போய் ஆறுதலாய் எடுத்துச் சொல்லுவன். எல்லாம் சரிவரும்.

— இன்னும் அவரோடை கதைக்கேல்லையோ?

— எங்கை நேரம்? பரீட்சை நாள்.

— அண்ணை.

— நீ பேசாமல் தைச்சுக்கொண்டிரு, யோசப்பின்.

— ஏர்னெஸ்ட் ஐயா புதன்கிழமை பின்னேரம் இஞ்சை வந்தவர், தம்பி. நான்தான் கோப்பி ஊத்திக் குடுத்தனான்.

— மாஸ்ரர், அக்கா என்ன சொல்லுறா?

— வந்தவர்தான். பொம்பிளைப் பிள்ளையைப் பெத்தவர் நாலு இடத்திலை விசாரிப்பார்தானே. உன்னைப் பற்றி நல்லாய்த்தான் சொன்னனான். தங்கமான பொடியன், இப்ப ஒரு சுருட்டுக்கூடத் தொடமாட்டான் எண்டு.

— இப்பவோ? அப்ப முந்தி?

— நீ ஏன் சொல்லுக்குச் சொல்லுப் பிடிக்கிறாய்?

— அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. அவர் என்ன கேட்டவர்?

— "இதிலை எழுதியிருக்கிறது உண்மையோ, பொய்யோ, ஒரு சொல்லிலை சொல்லுங்கோ துரைராஜா மாஸ்ரர்" எண்டு கேட்டவர். கதிரையிலை இருக்கவுமில்லை, கோப்பியைத் தொடவுமில்லை. தொப்பியைக் கையிலை பிடிச்சபடி நிண்டவர். பாவம், பொய் எண்டு சொல்லமாட்டாரோ எண்டு அண்ணையின்ரை வாயையே பாத்துக்கொண்டு நிண்டவர்.

— அண்ணை என்ன சொன்னவர்?

— உண்மைதான் எண்டு சொன்னவர்.

— மாஸ்ரர்.

— நான் வேறை என்னத்தைச் சொல்லுறது? பொய் எண்டு சொன்னால் சங்கம் என்னாகும்?

— நான் ஒரு நாளாவது அபினைக் கண்ணாலை கண்டிருக்கிறனோ? உங்களுக்குத் தெரியாதோ?

— தெரியும்.

— அப்ப அதை எழுதித் தாங்கோ. கடுதாசியும் மையும் மேசையிலை கிடக்கு. சிமியோன் ஒருநாளும் அபின் தொட்டதில்லை, இது நான் எழுதிக் குடுத்த கதை. ரெண்டு வரி போதும். இப்பவே கொண்டு போய் ஏர்னெஸ்ட் ஐயாவின்ரை கையிலை குடுக்கிறன். வாற ஞாயிறு மூண்டாம் ஓலையை வாசிக்கலாம். இல்லாட்டி ஐரிசுக்கு வேறை இடம் பேசப்போகினம், சுண்டுக்குளியிலை ஒரு பகுதி இப்பவே ஆள் அனுப்பியிருக்காம்.

— ஏலாது, சிமியோன்.

— ரெண்டு வரி, மாஸ்ரர்!

— அந்த ரெண்டு வரி ஏர்னெஸ்ட் ஐயாவோடை நிக்குமோ? நாளைக்குக் கள்ளுத்தவறணைக்காரன்ரை கையிலை நிக்கும். போதை விலக்குச் சங்கம் பிள்ளையளை ஏமாத்திப்போட்டுது எண்டு சந்தி சந்தியாய்ச் சிரிப்பாங்கள். அந்த ஆயிரத்துநூறிலை ஒரு பத்துப் பிள்ளையள் "அதுவும் பொய்தானே" எண்டு நினைச்சு அபினை வாங்கி வாயிலை போட்டால் ஆர் பொறுப்பு? உனக்கு வயது இருக்கு. ஒரு கலியாணம் குழம்பினால் இன்னொரு கலியாணம் வரும்.

— இதை ஐரிசின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுவியளோ?

— நான் உன்ரை நன்மைக்கும் சேத்துத்தான் யோசிக்கிறன்.

— வேறை ஆரும் இப்பிடிச் செய்திருந்தால் வாசலிலை வைச்சே அடிச்சிருப்பன். நீங்கள் செய்திருக்கிறியள். அதுதான் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிக்கிறன். நெஞ்சு எரியுது, மாஸ்ரர். உரும்பிராயிலை அம்மா ரெண்டு நாளாய்ச் சோறு தின்னேல்லை. ஆரோ வாசிச்சுக் காட்டிப்போட்டினம். என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்விதான் கேட்டவ. "காய்ச்சலிலை கிடந்த தாயின்ரை அட்டியலைக் களவெடுத்தனீயாம். எனக்கு ஏதடா மோனை அட்டியல்?" எண்டு.

— அம்மாவை நான் வந்து கண்டு கதைக்கிறன்.

— நீங்கள் ஒருத்தரையும் கண்டு கதைக்க வேண்டாம், கதைச்சது காணும். என்ரை அம்மா பிறந்ததுக்கு ஒரு அட்டியல் போட்டதில்லை. அப்ப அது ஆற்றை அட்டியல்?

— கதைக்கு ஒரு அட்டியல். நாலைஞ்சு பேருக்கு நடந்ததைச் சேத்து எழுதினது எண்டு அப்பவே சொன்னனான்.

— நாலைஞ்சு பேரோ, அண்ணை? எங்கடை அம்மாவின்ரை கழுத்திலை கிடந்ததை எத்தினை பேர் சேந்து கழட்டினவை?

— யோசப்பின்!

— நீங்கள் கத்தினால் நான் பயந்து உள்ளுக்குப் போற காலம் போயிட்டுது. அம்மா நெருப்புக்காய்ச்சலிலை கிடந்தவ, தம்பி. மத்தியானம் நான் ஈரத்துணி நனைச்சுக்கொண்டு வரப் போனனான். திரும்பி வரேக்கை கழுத்து வெறுங்கழுத்து. வீட்டிலை வேலைக்கு நிண்ட சின்னாச்சிதான் எடுத்தவள் எண்டு எங்கடை ஐயா பூவரசங்கம்பாலை அடிச்சு, படலைக்கு வெளியிலை தள்ளினார். அவள் மண்ணிலை விழுந்து சத்தியம் பண்ணினவள். அண்ணை விறாந்தையிலை பாத்துக்கொண்டு நிண்டவர். அண்டைக்குச் சின்னாச்சி, இண்டைக்கு நீர்.

— மாஸ்ரர், இது உண்மையோ?

— எனக்கு அப்ப பத்தொன்பது வயது, சிமியோன்.

— அப்ப வயித்துக்குத்துக்கு எண்டு கடுகளவு அபின் வாயிலை போட்டது? கடுகு மிளகாகி, மிளகு புளியங்கொட்டையானது? இந்தியாக் கரையிலையிருந்து தோணி வராத மாசம் சுவரிலை தலையை மோதினது?

— எல்லாம் நான்தான்.

— நாப்பது கூட்டத்திலை சொல்லியிருக்கிறன். நான் சொல்லச் சொல்ல நீங்கள் முன்வாங்கிலை இருந்து கண்ணைத் துடைப்பியள். நான் விசரன், என்ன வடிவாய்ச் சொல்லுறன் எண்டு என்னை நானே மெச்சிக்கொண்டு திரிஞ்சன்.

— ஒவ்வொரு கூட்டத்திலையும் நானே எழும்ப வேணும் எண்டுதான் போறனான். கால் வராது. படிப்பிக்கிறவன் அப்பிடிச் சொன்னால் அடுத்த நாள் பள்ளிக்கூடப் படி ஏற விடுவினமோ?

— என்னட்டைச் சொல்லியிருக்கலாமே! இது என்ரை கதையடா, எனக்காக நீ சொல்லு எண்டு கேட்டிருந்தால், கர்த்தர் அறியச் சொல்லுறன், சொல்லியிருப்பன். பேரையும் போடுங்கோ எண்டிருப்பன். நீங்கள் கேக்கேல்லை. கேக்காமல் என்ரை பேரை எடுத்திட்டியள், அம்மாவின்ரை அட்டியலை எடுத்த மாதிரி.

— சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. எனக்கு வேணும்.

— அழாதேங்கோ, மாஸ்ரர். நீங்கள் அழுது நான் பாக்கேலாது. நான் எழுதச் சொன்ன அந்த ரெண்டு வரி இனி வேண்டாம். வேறை வழி இருக்கு. நீங்கள் எழும்புங்கோ.

— எங்கை எழும்புறது?

— கூட்டத்திலை. வாற சனிக்கிழமை நல்லூரிலையே கூட்டம் வைப்பம், ஏர்னெஸ்ட் ஐயாவையும் கூப்பிடுவம். சங்கம் பொய் சொல்லேல்லை, ஆளைத்தான் மாத்திச் சொன்னது எண்டு சொல்லுங்கோ. நீங்கள் விழுந்து எழும்பின மனிசன். என்னைப்போலை பாடமாக்கினவன் சொன்னதுக்கே ஆயிரத்துநூறு பிள்ளையள் எண்டால், உண்மையாய் மீண்டவன் சொன்னால் இந்த யாழ்ப்பாணத்துப் பொடியள் முழுக்க உங்களுக்குப் பின்னாலை வருவாங்கள். கடைசிப் பக்கத்தை அப்பிடியே சொல்லுங்கோ. நாப்பது நாள் உடம்பு முறுகிக் கிடந்து, நாப்பத்தோராம் நாள் விடியக் கிணத்தடியிலை நிண்டு தலைக்குத் தண்ணி வாத்து, அபின் டப்பியை வேலிக்கு அங்காலை வீசி எறிஞ்சது. அந்த இடத்துக்கு வரேக்கைதான் பிள்ளையள் கையெழுத்து வைக்க எழும்பி ஓடி வாறவை.

— என்னாலை ஏலாது.

— ஏன் ஏலாது? விழுந்ததைச் சொல்ல வெக்கம் எண்டால் விளங்குது. எழும்பினதைச் சொல்ல என்ன வெக்கம்?

— காணும், சிமியோன். உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன், அந்தப் பக்கத்தைக் கதையாதை.

— அதைக் கதைக்காமல் வேறை எதைக் கதைக்கிறது? அதுதானே எங்கள் மூண்டு பேரையும் காப்பாத்தப் போறது. சொல்லுங்கோ அக்கா, நான் சொல்லுறது பிழையோ?

— பிழையில்லை, தம்பி. ஆனால் அந்தப் பக்கம் அவர் எழுதேல்லை, நான் எழுதினது. மற்றதெல்லாத்தையும் ஒரே இருப்பிலை எழுதிப்போட்டு, அந்த இடத்திலை வந்து அண்ணை பேனையை வைச்சிட்டார். அதுக்கு மேலை அவருக்கு ஒண்டும் தெரியேல்லை. அண்ணை டப்பியை எறியிற ஒரு விடியல் எங்கடை வீட்டிலை வந்தால் எப்பிடி இருக்கும் எண்டு நான் இருந்து யோசிச்சு எழுதினன். அது இன்னும் வரேல்லை.