ஒரே தாளில் இருபத்து மூன்று பெருவிரல்கள்

"படுங்க சாயா! படுங்க!"

படுக்கிறேன். ரங்கூன், பசுந்தாங், சந்தைத் தெரு. 1988 ஆகஸ்ட், இரண்டாம் வாரம். ஆட்சியை எதிர்த்து ஊரெல்லாம் ஊர்வலம். காலை பத்து இருபது. முதலில் ஒரே ஒரு வெடி. சிறு இடைவெளி. பிறகு விடாமல். கன்னம் சூடான தாரில் அழுந்தியிருக்கிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறக்கவில்லை. ராணுவ லாரி உறுமிப் புறப்பட்டது. அந்த ஓசை தேய்ந்து மறைந்த பிறகே தலையைத் தூக்கினேன்.

என்னைப் படுக்கச் சொன்னவன் யூசுப். என் வீட்டுக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் காதர் பாயின் மகன். வயது முப்பது. எனக்காகக் கத்திய நேரத்தில் அவன் படுத்திருக்கலாம். படுக்கவில்லை. இப்போது மல்லாந்து கிடக்கிறான். நெஞ்சில் ஒரு துளை.

எனக்கு அப்போது அறுபத்தேழு வயது. ஓய்வுபெற்ற ஆசிரியன். வாத்தியாரை இங்கே சாயா என்பார்கள். மனைவி இறந்துவிட்டாள். பிள்ளை இல்லை.

ஐந்தாம் நாள் காதர் பாய் மாடியேறி வந்தார். கையில் பர்மிய மொழியில் தட்டச்சு செய்த தாள். லாரி அருகே நின்ற, கன்னத்தில் தழும்புள்ள அதிகாரி கையை உயர்த்திச் சுடச் சொன்னதை நாங்கள் கண்ணால் கண்டோம் என்றது அது. கீழே முப்பது கையெழுத்துகள்.

"உங்க கையெழுத்துதான் பாக்கி சாயா. நீங்க போட்டா எல்லாரும் நம்புவாங்க."

"நான் பாக்கலியே பாய். தரையில மூஞ்சிய வச்சுக் கிடந்தேன்."

"பாதிப் பேரு பாக்கல. எதிர்வீட்டு கோ டின் அன்னைக்கு ஊர்லயே இல்ல. அவனே போட்டுட்டான்."

"அப்ப தழும்பப் பாத்தது யாரு?"

"முப்பது வருசம் பிள்ளைங்க நோட்டுல பிழை திருத்தினீங்க. சாவு வீட்டுத் தாள்லயும் திருத்தணுமா? பாக்காட்டி என்ன சாயா, எம்மவன் செத்தது பொய்யா?"

அந்தக் கேள்வியை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என்னிடமே. 1946இல்.

அதற்கு மூன்று ஆண்டு முன்பிருந்து சொல்ல வேண்டும். 1943. மழைக்காலம். சயாம் எல்லைக்கு ஜப்பானியர் போட்ட ரயில்பாதை. தமிழ்க் கூலிகளின் முகாம். எனக்கு ஜப்பானிய மொழி கொஞ்சம் தெரியும். அதனால் மண்வெட்டி தரவில்லை. பதிவேடு தந்தார்கள். விடிந்ததும் சார்ஜென்ட் எண்ணிக்கையை மட்டும் சொல்வார். யார் யார் வேலைக்குப் போவது என்று பெயர் எடுப்பவன் நான்.

ஜூலையில் ஒரு காலை. முகாமில் காலரா. ஓலைக் கூரை ஒழுகுகிறது. சார்ஜென்ட் விரல் விட்டு எண்ணுகிறார். பதினேழு ஆள் குறைவு. நோயாளிக் கொட்டகைக்குள் போகிறேன். பதினேழு பெயர்களை எழுதுகிறேன். எழுதாவிட்டால் என் பெயரும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கும். மாலைக்குள் பதினேழு பேரும் ரயில்பாதைக் கரைமேல் இறந்தார்கள்.

முகாமின் தலைவர் ஒரு லெப்டினன்ட். நல்ல மனிதர் அல்ல. மூங்கிலால் அடிப்பார். என்னையும் அடித்திருக்கிறார். ஆனால் அந்த வாரம் அவர் முகாமில் இல்லை. காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடந்தார். சார்ஜென்ட் அடுத்த ஆண்டு ஒரு குண்டுவீச்சில் செத்தார்.

போர் முடிந்தது. வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். ரங்கூனில் ராணுவ நீதிமன்றம் கூடியது. ஜப்பானியரிடம் வேலை பார்த்தவர்களையும் தேடுவதாகப் பேச்சு. பயந்தேன். பதிவேட்டை எரித்தேன். பிறகு நானே போய் விசாரணை அலுவலகத்தில் தமிழ் வாக்குமூலங்களை எழுதும் வேலையில் சேர்ந்தேன். தேடுகிறவர்களின் பக்கத்திலேயே உட்கார்ந்தால் யாரும் தேட மாட்டார்கள்.

கூலிகள் வரிசையில் நின்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஊருக்குப் போகும் கப்பலைப் பிடிக்கும் அவசரம். ஒருவர் சொல்வதை எழுதுவது, மற்றவர்கள் அதே தாளில் பெருவிரல் வைப்பது. அப்படித்தான் அங்கே வேலை நடந்தது. நோயாளிகளை அனுப்பச் சொன்னவர் லெப்டினன்ட் என்று எழுதினேன். வரிசையில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. செத்தது பொய்யா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மை தொட்டுக் கொடுத்தேன். இருபத்து மூன்று பெருவிரல்கள்.

விசாரணை முறைப்படி நடந்தது. லெப்டினன்டுக்கு வக்கீல் இருந்தார். மொழிபெயர்ப்பாளர் இருந்தார். தாள் வாசிக்கப்பட்டது. இருபத்து மூன்று பேரையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்றார் வக்கீல். அவர்கள் கடலில் இருந்தார்கள். தாளே போதும் என்றது நீதிமன்றம். வக்கீல் மருத்துவமனைப் பதிவைக் கேட்டார். அது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் என்னைக் கூண்டில் ஏற்றினார். முகாமின் பதிவேடு எங்கே?

குண்டுவீச்சில் போயிற்று என்றேன்.

லெப்டினன்ட் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். தூக்குத் தண்டனை. நிறைவேற்றினார்கள்.

டோக்கியோவில் ஜப்பானியத் தலைவர்களை விசாரித்தது நியாயமா என்று பிற்பாடு நிறையப் படித்தேன். வென்றவன் தோற்றவனுக்குத் தீர்ப்புச் சொல்லலாமா? செயல் முடிந்தபின் சட்டம் எழுதலாமா? நகரங்களின் மேல் குண்டு போட்டவர்களை யார் விசாரிப்பது? நல்ல கேள்விகள். பல வருஷம் அவற்றின் பின்னால் ஒளிந்திருந்தேன். நீதிமன்றத்தின் குறை பெரிது, என் பொய் அதில் ஒரு துளி என்று. ரங்கூன் நீதிமன்றம் அவசரப்பட்டது, உண்மை. ஆனால் சரியான கேள்வி ஒன்று அங்கே கேட்கப்பட்டது. பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இதையெல்லாம் காதர் பாயிடம் சொன்னேன். மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. நின்றபடியே கேட்டார்.

"ஒரு ஜப்பான்காரனுக்காக எம்மவனுக்குக் கையெழுத்து இல்லேங்கிறீங்க."

"நான் கேட்டது, கண்ணத் தொறந்த பிறகு பாத்தது, அத மட்டும் தனியா எழுதித் தரேன் பாய். யார் குறுக்க கேட்டாலும் அது நிக்கும்."

"அவன் உங்களப் படுக்கச் சொல்லாம தான் மட்டும் படுத்திருக்கலாம் சாயா."

தாளை மடித்துக்கொண்டு இறங்கினார். நான் தனியாக எழுதினேன். ஒன்றரைப் பக்கம். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. முப்பது பேரின் தாளையும் எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை.

இப்போது 1991. நான் கடைக்குப் போனால் காதர் பாய் உள்ளே போய்விடுகிறார். அவர் மனைவி சாமானை எடுத்து வைக்கிறார். தெருவில் யாரும் என்னைச் சாயா என்று கூப்பிடுவதில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மாதத்தில் பல நாள் என் குரலை நானே கேட்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

போனவர்களின் கணக்கு இது. பசுந்தாங் தெருவில், எனக்கு நாலடி தள்ளி: யூசுப், ஒருவர். ரங்கூனில், தூக்கில்: லெப்டினன்ட், ஒருவர். அவரை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு நாற்பத்தைந்து வருஷம் ஆயிற்று. ரயில்பாதைக் கரைமேல்: பதினேழு பேர். மாரி. சின்னப்பன். அந்தோணி. மொய்தீன். பெரிய கருப்பன். சின்னக் கருப்பன். வீராசாமி. ஆறுமுகம். குப்புசாமி. சன்னாசி. இருளப்பன்.

பதினொன்று. மற்ற ஆறு பெயர்கள் பதிவேட்டில் இருந்தன.