பாதிப் புழு

இல்லண்ணே, இன்னைக்கு மாவு வேணாம். தவிடும் வேணாம். ஐயோ, அள்ளாதீங்க, நெசமாவே வேணாம். அந்தத் தவிட்டப் பத்திப் பேசத்தான் வந்தேன். நான் இப்படி மூட்டை மேல உக்காந்துக்கிறேன். யாராவது வந்துடுவாங்களோ? பாருங்க, என் வாயி. கடைக்கு வெச்ச சீல எடுத்து ரெண்டு வாரம் ஆகியும் யாரும் எட்டிப் பாக்கலன்னு நீங்களே நொந்து போயிருக்கீங்க, உங்ககிட்டயே வந்து கேக்கறேன்.

முன்னெல்லாம் இந்த நேரத்துக்கு வந்தா நிக்க எடம் இருக்காது. அந்த மூலையில அக்கா உக்காந்து மாவு சலிச்சுக்கிட்டு இருப்பாங்க. பேருதான் சலிப்பு அக்கா, பதினோரு வருஷத்துல ஒருநாள் சலிச்சுக்கிட்டதில்லன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்க. இப்ப அவங்க சல்லடை மட்டும் ஆணியில தொங்குது.

சொல்றேன், சொல்றேன். விஷயத்துக்குத்தான் வர்றேன்.

எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்குன்னு தெரியும்ல. போன வருஷம் ஒரு அடுக்குமாடியில லிஃப்ட் பாக்கப் போனவரு, ஒரு கண்ணாடிப் பெட்டியத் தூக்கிட்டு வந்தாரு. உள்ள பல்லி. செவுத்துல ஓடுற பல்லி இல்லண்ணே. ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பு, அதுல கருப்புப் புள்ளி, தடி வாலு. வீட்டக் காலி பண்ணிட்டுப் போனவங்க இத விட்டுட்டுப் போய்ட்டாங்களாம். குப்பையில போடப் போனாங்களாம், இவருக்கு மனசு கேக்கல. என்கிட்ட ஒரு வார்த்தை பேசறதுக்கு மூணு நாள் யோசிக்கிற மனுஷன், செருப்பக் கழட்டும்போதே அதுகிட்டப் பேச்ச ஆரம்பிச்சிடுவாரு. மேனேஜர்னு பேரு வேற. ஒரு வேலையும் செய்யாம கண்ணாடிக்குள்ள உக்காந்துக்கிட்டு எல்லாரையும் முறைக்குதாம்.

சிரிக்காதீங்கண்ணே. நீங்க சிரிச்சா எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.

மேனேஜருக்கு உசுரோட நெளியிற புழுதான் வேணும். செத்தத தொடாது. மீன், பறவை விக்கிற கடையில ஒரு டப்பா வாங்குனா ஒரு வாரம் வராது. அந்தக் கடைக்காரருதான் சொன்னாரு, வீட்டுலயே வளத்துக்கங்க, கொஞ்சம் கோதுமைத் தவிடு இருந்தா போதும்னு.

ஆமாண்ணே. அந்தத் தவிடுதான்.

மாடு கீடு வாங்கிட்டியாம்மான்னு கேட்டீங்க. தவிட்டு பிஸ்கட் போடறேண்ணே, சர்க்கரைக்காரங்களுக்கு நல்லதாம்னு கூசாம சொன்னேன். நீங்க அத நம்பி, மாவு வாங்க வர்றப்பல்லாம் கொசுறா ஒரு பை கட்டி வெச்சீங்க. கேக்கும் பன்னும் போட்டு விக்கிற வீட்டுல புழு வளக்குறாங்கன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்? அதான் மறைச்சேன். அது மொதப் பொய். சின்னதுன்னு நினைச்சேன்.

மூணு ட்ரே வெச்சிருக்கேன். ஒண்ணுல புழு. அது பெருசானதும் வெள்ளையாச் சுருண்டு கிடக்கும், சாப்பிடாது, நகராது. அத எடுத்து ரெண்டாவதுல போடணும், இல்லன்னா கூடப்பொறந்ததுங்களே கடிச்சுத் தின்னுடும். அப்புறம் வண்டா எந்திரிக்கும், மூணாவதுல விட்டா முட்டை போடும். தண்ணி வெக்கக் கூடாது, ஒரு கேரட் துண்டு போட்டா அதுல ஈரத்த உறிஞ்சிக்கும். கதகதப்பு வேணும். கதகதப்புக்கு எங்க போறது? அவன் பக்கத்துலதான். எவன்னு கேக்காதீங்க, கேக் வேக வெக்கிற அவன். மொதல்ல எனக்குக் குமட்டுச்சு. பழகினப்புறம் ஒண்ணும் தெரியல. இன்னும் சொன்னா, பாக்கறதுக்கு ஒரு ஆசையாக்கூட ஆயிடுச்சு. நாம ஒண்ண வளத்தா அப்படித்தானே.

வாரத்துக்கு ஒருதடவ தவிட்ட சலிச்சு, அதுங்க போடற தூசியக் கழிச்சுக் கட்டணும். அதுக்குன்னு ஒரு பழைய சல்லடை தனியா வெச்சிருந்தேன். அன்னைக்கு அதோட வலை பிஞ்சு போச்சு. மறுநாள் காலையில பல் டாக்டர் கிளினிக்குக்கு நாப்பது பன்னு குடுக்கணும். அவசரத்துல மாவு சல்லடையிலயே சலிச்சுட்டேன். தட்டினேன், துணியால துடைச்சேன். கழுவல. கழுவினா விடியறதுக்குள்ள காயாது, மாவு ஒட்டிக்கும். சல்லடை விளிம்புல தகடு மடிஞ்சு ஒரு இடுக்கு இருக்கும் பாருங்க, உங்களுக்குத் தெரியாததா. அந்த இடுக்குல ஒண்ணு போய் ஒளிஞ்சுக்கிச்சு.

அண்ணே. உக்காருங்கண்ணே. முழுசாச் சொல்லிடறேன், அப்புறம் என்ன வேணா திட்டுங்க. நான் எங்கயும் ஓட மாட்டேன்.

கிளினிக்ல ஃபோன் எடுக்கிற பொண்ணுதான் கடிச்சிருக்கு. முழுப் புழுவாக் கிடைச்சிருந்தாக்கூடப் பரவால்ல, பாதிதான் கிடைச்சுச்சாம். டாக்டர் எனக்கு ஃபோன் போட்டாரு. என்னம்மா இதுன்னாரு. பதட்டத்துல என்னமோ வாயில வந்துடுச்சுன்னுதான் இத்தன நாளும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்படி இல்ல. நான் திரும்பி அந்த ட்ரேயப் பாத்தேன். நல்லாப் பாத்தேன். பாத்துக்கிட்டே, மாவு நான் அரைக்கிறதில்ல டாக்டர், கடையில வாங்கறதுன்னேன். எந்தக் கடைன்னாரு. சொன்னேன்.

அவ்வளவுதான். நான் புகார் எழுதல, எங்கயும் போகல. அவரு எழுதிப் போட்டாரு, ஆபீசருங்க வந்தாங்க, பத்து நாள் கடைய மூடிட்டாங்க. சீல் வெச்ச பூட்டுக்கு முன்னாடி நீங்க நின்னீங்க. நானும் வந்து உங்க பக்கத்துல நின்னு, எல்லாம் சரியாப் போயிடும்ணேன்னு ஆறுதல் சொன்னேன். நெனச்சா நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு.

அந்தப் பாதிப் புழுவ ஒரு கவர்ல போட்டு உங்ககிட்ட காட்டினாங்கல்ல. அக்கா ஒருத்திதான் சொன்னாங்களாம், நம்ம மாவுல வர்ற புழு அரிசி அளவுகூடத் தேறாது, இது பாதியே இவ்வளவு நீளம் இருக்கு, இது வேற எங்கயோ வந்ததுன்னு. நீங்க என்கிட்ட வந்து பொலம்பினீங்க, வேலை போயிடுமோன்னு சாக்கு சொல்றாங்கன்னு. நான் ஆமான்னு தலையாட்டினேன். மறுநாளே அவங்கள நிறுத்திட்டீங்க.

இப்ப அக்கா எங்க வேலை செய்றாங்க தெரியுமா? தெரியாதா? எங்க பில்டிங்லதான். மாடிப்படி கூட்டித் துடைக்கிறாங்க. என் வாசல்ல கிடக்கிற செருப்ப எடுத்து ஓரமா வெச்சுட்டுத் துடைச்சுட்டு, திரும்ப எடுத்து சோடியா வெச்சுட்டுப் போறாங்க. நல்லாருக்கியாம்மா, கேக் ஆர்டர் வருதான்னு கேக்கறாங்க. உடம்பு குறையட்டும்னு படியிலயே ஏறி எறங்கிட்டிருந்தவ நான். இப்ப ரெண்டு மாடிக்கு லிஃப்ட்ல போறேன், அவங்க மூஞ்சியப் பாக்காம இருக்கறதுக்கு.

செவ்வாய்க்கிழமை எங்க வீட்டுக்காரர் மேனேஜருக்குத் தீனி எடுக்கறேன்னு ட்ரேயக் கவுத்துட்டாரு. கதவு தொறந்து கிடந்துச்சு. புழுவும் தவிடும் வாசல் தாண்டி வெளிய சிதறிப் போச்சு. அக்கா அப்பத்தான் துடைப்பத்தோட படியேறி வர்றாங்க. எனக்குக் கதவச் சாத்தக்கூடத் தோணல.

அவங்க குனிஞ்சு ஒண்ண எடுத்து உள்ளங்கையில வெச்சாங்க. அது நெளியுது. ரொம்ப நேரம் பாத்தாங்க. என்னயும் பாத்தாங்க. நான் தலைய குனிஞ்சுக்கிட்டேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது பாவம், பல்லிக்குத் தீனிக்கா, நாங்களே வளக்கிறோம்னு பெருமையா விளக்கிட்டிருக்காரு.

அக்கா முந்தானைய இடுப்புல சொருகிட்டு உக்காந்து, ஒவ்வொண்ணாப் பொறுக்கி ட்ரேயில போட்டாங்க. எல்லாம் ஆச்சுன்னு நான் எந்திரிச்சப்ப, இன்னும் ஒண்ணு இருக்குன்னு சொல்லி மிதியடி ஓரத்துல இருந்து எடுத்தாங்க. அந்த மிதியடியும் பழுப்பு, புழுவும் பழுப்பு. எனக்கு அவங்க எடுக்கற வரைக்கும் தெரியல. மூடிய நல்லா அழுத்தி மூடி வைம்மா, வெளிய வந்துடுதுன்னு சொன்னாங்க. தவிட்டக் கூட்டி அள்ளிட்டு மேல போய்ட்டாங்க.

மூணு நாளாச்சு. யாருகிட்டயும் மூச்சு விடல. நேத்தும் செருப்ப சோடியா வெச்சுட்டுத்தான் போனாங்க. என்னய நாலு கேள்வி கேட்டிருந்தா, நானும் பதிலுக்குக் கத்தி சண்ட போட்டு, இந்நேரம் என் மேல தப்பே இல்லன்னு ஆக்கியிருப்பேன். எனக்கு என்னயத் தெரியும்.

டாக்டர்கிட்ட வர்ற வழியிலயே போய்ச் சொல்லிட்டேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேன், ஆபீசுக்கு அவரே அனுப்பறாராம். இனிமே என்கிட்ட அவங்க ஒண்ணும் வாங்க மாட்டாங்க. வாங்கவும் கூடாது. வாசல்ல ஒட்டுங்க, எல்லாருக்கும் சொல்லுங்க, என் பேரப் போட்டே சொல்லுங்க.

எங்கண்ணே கிளம்பிட்டீங்க? சட்டையெல்லாம் மாவு. அக்காவப் பாக்கவா? போங்க, போங்க. இந்நேரம் மூணாவது மாடியில இருப்பாங்க. நான் வரல. நீங்க மட்டும் போய்க் கூப்பிட்டாதான் மரியாதை.

என்னது?

வேணாண்ணே. அக்காவுக்கு மூக்குக் கண்ணாடியெல்லாம் வாங்கிக் குடுக்க வேணாம். இருங்க, ஷட்டர இழுக்காதீங்க. அன்னைக்கு நான் தலைய மட்டும் ஆட்டல. அவ்வளவு அடிச்சுச் சொல்றாங்களே, ஒருவேளை நெசமா இருக்குமோன்னு நீங்க யோசிச்சீங்க. அக்காவுக்குக் கண்ணு சுத்தமா மங்கிப்போச்சுண்ணே, மூட்டை தைக்கிற கோணி ஊசிக்கு நூல் கோக்கக்கூட என்னயத்தான் கூப்பிடறாங்கன்னு சொன்னேன்ல.

அவங்க என்கிட்ட ஊசிய நீட்டினதே இல்லண்ணே.