நான்காம் விதியும் முந்நூற்றைம்பது ரூபாய் மவுத்பீஸும்

அவைக்குத் தலைமையேற்று, என் பெயரைப் பட்டியலின் கடைசியில் போட்டும் என் பேச்சிலிருந்து தப்பிக்க முடியாத சிட்லபாக்கம் ராஜகோபாலன் ஐயா அவர்களே! பகலில் கடையில் ஆணி எடைபோட்டு, மாலையில் அதே கையால் தபலாவைத் தாலாட்டும் தம்பி அப்துல் ரசாக் அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் மூத்தோரே! முறுக்கைக்கூட ஓசைப்படாமல் கடிக்கும் கலை கற்ற தாய்மார்களே! வாசலிலிருந்து சுண்டல் வாசம் வந்த பிறகும் எழுந்து போகாத என் தெய்வங்களே! தாம்பரம் மாலை இசைச் சங்கத்தின் செயலாளன், ‘சாக்ஸபோன் செம்மல்’ என்று நோட்டீசில் தன் பெயருக்கு முன்னால் தானே அச்சடித்துக்கொண்ட துளசிங்கம், தலைதாழ்ந்து வணங்குகிறேன்!

கைதட்டாதீர்கள். கொஞ்ச நேரத்தில் ஏன் தட்டினோம் என்று வருந்துவீர்கள்.

இன்று விஜயதசமி. போன விஜயதசமியன்று, 2007இல், இதே மேடையில் நான் வாசித்தேன். நீங்கள் உருகினீர்கள். தலைவர் ஐயா எழுந்து நின்று, “அமெரிக்கா மவுத்பீஸ்னா அமெரிக்கா மவுத்பீஸ்தான்யா! சவுண்டே தனி!” என்றார். நினைவிருக்கிறதா? அந்த அமெரிக்க நாதத்தின் அருமை பெருமைகளைத்தான் இன்று அவிழ்க்கப் போகிறேன்.

மவுத்பீஸ் என்பது சாக்ஸபோனில் உதடு படுகிற பாகம். ஒரு பூவன்பழ அளவுதான் இருக்கும். மூன்று ஆண்டுக்கு முன் என் மச்சான் அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒன்று வாங்கி வந்தார். கன்னங்கரேலென்று, கனமாக, வெல்வெட் பைக்குள் வீற்றிருந்தது! அதை வாயில் வைத்தேனோ இல்லையோ, வித்தை வருவதற்கு முன்னால் வீறாப்பு வந்துவிட்டது. மறுவாரமே சங்க விதிப் புத்தகத்தில் நான்காம் விதி முளைத்தது: “வெளிநாட்டு மவுத்பீஸ் வைத்திருப்பவரே சங்க மேடையில் சாக்ஸபோன் வாசிக்கலாம்.” எழுதியது யார்? இந்த மேதை! ஏன் எழுதினான்? சங்கத்திலேயே அவன் ஒருவனிடம்தான் அது இருந்தது!

அந்த ஆண்டுதான் ரத்தினபாய் அம்மா சேர வந்தார். பல்லாவரம் தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் வாங்கியவர்கள் அவர் கையால்தான் வாங்கியிருப்பீர்கள். நாற்பது வயதில் சாக்ஸபோன் கற்றவர். அவருடையது முந்நூற்றைம்பது ரூபாய் பிளாஸ்டிக் மவுத்பீஸ். நான் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, “இன்னாம்மா இது, ஷாம்பூ பாட்டில் மூடியா?” என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“எனக்கு இதுல நல்லா வருது சார். ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்க.”

கேட்டேனா? காது எதற்கு இருக்கிறது, கண்ணாடி மாட்டத்தானே! நான்காம் விதியைக் காட்டினேன். “வேணும்னா விழாவுல சுண்டல் குடுங்கம்மா” என்று பெருந்தன்மையோடு ஒரு பதவியும் வழங்கினேன்.

இனி வருகிறது என் வீரவரலாறு. போன ஆண்டு சரஸ்வதி பூஜை. எல்லோரும் புத்தகத்தை அடுக்கினார்கள். நான் அமெரிக்க மவுத்பீஸை நடுநாயகமாக வைத்தேன். பொட்டு வைத்தால் போதாதா? பக்தி மிகுந்துவிட்டது! உள்ளும் புறமும் சந்தனத்தை அப்பினேன். மறுநாள் எடுத்தால் துளைக்குள் சந்தனம் காய்ந்து கல்லாகக் கிடந்தது. ஆறு மணிக்குக் கச்சேரி. மணி நாலு. மூளை வேலை செய்தது ஐயா! இட்லிப் பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உள்ளே போட்டு மூடிவிட்டேன்.

என் மனைவி சுந்தரவல்லி ஓடி வந்தார். “என்னத்தப் போட்டு வேக வெச்சீங்க? வூடே நாறுது! கேஸ் லீக்குன்னு பக்கத்து வூட்டுக்காரங்க வெளிய வந்துட்டாங்க!”

அது கந்தகம் கலந்த கெட்டி ரப்பர். கொதிநீர் ஆகாது என்று எனக்கு அப்போது தெரியாது. இதோ, சட்டைப் பையில் கொண்டு வந்திருக்கிறேன். பாருங்கள்! கறுப்பு போய்ப் பாசி நிறம். முனை கோணிக்கொண்டது. முகர்ந்தால் இன்றும் அழுகிய முட்டை. முன்வரிசை மூக்கைப் பொத்துகிறது, மன்னியுங்கள்.

மண்டபத்தின் பின்கட்டில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ரத்தினபாய் அம்மா சுண்டல் தூக்கோடு அந்தப் பக்கம் வந்தார். என் முகத்தைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், கைப்பையைத் திறந்தார். மதிய இடைவேளையில் பழகுவதற்காக அந்த மவுத்பீஸ் எப்போதும் அவர் பையில் இருக்குமாம். குழாயடியில் கழுவித் துடைத்து நீட்டினார்.

ரசாக் தம்பி சொன்னார்: “துளசிண்ணா, அந்தம்மாவே உன் சாக்ஸ்ல வாசிக்கட்டுமே.”

“நான்காம் விதி இருக்கேப்பா!”

“இன்னாண்ணா பேசுற? நீ வாசிக்கப் போறதும் அதே பீஸ்தானே?”

“நான் வாசிச்சா யாருக்குத் தெரியும்?”

சொன்னேன் ஐயா. இந்த வாய்தான் சொன்னது. வீட்டில் மனைவி குடித்த டம்ளரில் தண்ணீர் குடிக்காத ஆசாரசீலன், பிறர் வாய்வைத்த மவுத்பீஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மேடையேறினேன். நீங்கள் கேட்ட அமெரிக்க நாதம் அதுதான்! தலைவர் ஐயா பாராட்டியபோது மூன்றாம் வரிசையில் ரத்தினபாய் அம்மாவும் நின்று கைதட்டினார். நான் பல்லைக் காட்டினேன். ‘உங்களுடையது’ என்ற ஒரு சொல் என் வாயில் வரவில்லை.

அதோடு விட்டேனா? மறுநாளே அதே முந்நூற்றைம்பது ரூபாய்ச் சரக்கை வாங்கி, வெல்வெட் பைக்குள் ஒளித்து, ஓராண்டாய் அதைத்தான் வாசிக்கிறேன். என்ன தலைவரே, சிரிக்கிறீர்களா? போன மாதம்கூட “அந்த ரிச்னெஸ்!” என்றீர்களே!

விலை வாசிக்குமா? வெல்வெட் பை வாசிக்குமா? மூச்சுதானே ஐயா வாசிக்கிறது! முந்நூற்றைம்பது ரூபாயில் முறையான சுரம் வருமென்றால், காசில்லாதவர் கற்கட்டும்! கடைநிலை ஊழியர் கற்கட்டும்! கவுண்டரில் நின்று கால் வலிப்பவர் கற்கட்டும்! அவர்களை வாசலில் நிறுத்த இந்தத் துளசிங்கம் யார்?

ரத்தினபாய் அம்மாவுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை புறப்படுகிறார். மூன்று ஆண்டாய் சுண்டல் கொடுத்த இந்த மண்டபத்தில் அவருக்கு இதுதான் கடைசி மாலை. நேற்று இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. வெட்கமாக இருந்தது ஐயா, வேறொன்றுமில்லை.

நான்காம் விதியை அடித்துவிடலாமா? சத்தமாகச் சொல்லுங்கள்! தலைவரே, கேட்டுக்கொள்ளுங்கள், நோட்டில் ஏற்றுங்கள்.

அம்மா, வாசலில் நின்று வேண்டாமென்று தலையாட்டாதீர்கள். நோட்டீசில் என் பெயருக்கு நேரே போட்டிருக்கும் அரைமணி நேரம் உங்களுடையது. என் சாக்ஸபோன் அதோ மேடையில் நிற்கிறது, மவுத்பீஸ் இல்லாமல். பொருத்த வேண்டியது உங்கள் கைப்பையில் இருக்கிறது. அந்தத் தூக்கையும் கரண்டியையும் என்னிடம் கொடுத்துவிட்டு மேலே வாருங்கள்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், பொய்யனைப் பொறுத்த தாய்மார்க்கும், மின்சாரம் போகாமல் பார்த்துக்கொண்ட ஆண்டவனுக்கும் நன்றி கூறி, இறங்குகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். சுண்டல் வாங்கும்போது, “சார், போன வருஷம் நல்லா வாசிச்சீங்க” என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். அதை மேடையில் இருக்கிற அம்மாவிடம் சொல்லுங்கள். வணக்கம்.