வலது பக்கம் மந்தம்

உங்கள் இயர்போனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், மேடம். நேற்று விசாரணை தொடங்குவதற்கு முன்னால் அதைக் காதிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தீர்கள். "வலது பக்கம் மந்தமா கேக்குது. நல்லதா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நீங்க இதுல பெரிய ஆளாமே, எது வாங்கலாம்?" என்று கேட்டீர்கள். கதவருகே நின்ற காவலர் சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இன்று தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். தொழில் சம்பந்தமாக ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு கேட்காது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விலை உயர்ந்த இயர்போன் தேடி வருகிறவர்கள் "எது பெஸ்ட்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்படி ஒன்று கிடையாது. "பேஸ் பத்தலை" என்று வருகிறவருக்குப் பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த ஒலி வேண்டியிருக்காது. பழைய இயர்போன் காதில் சரியாக உட்காராமல் எல்லாம் வெளியே கசிந்துகொண்டிருக்கும். அளவான ரப்பர் மாட்டினால் ஆள் குளிர்ந்துபோவார். "குரல் தெளிவா வேணும்" என்பவர் பாட்டைவிடப் பாடுகிறவரைக் கேட்கிறவர். "கணீர்னு இருக்கணும்" என்பவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மேலே இருக்கிற கூர்மையான ஒலிகளைத் தூக்கிக் கொடுத்தால் கடையில் நிற்கும்வரை அவருக்குச் சொர்க்கம். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டால் தலைவலி.

அதனால், மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டைக் கொண்டுவரச் சொல்வேன். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கச் சொல்வேன். குறைந்த சத்தத்தில் எது பிடிக்கிறதோ அதுதான் உங்களுடையது. சத்தமாக வைத்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

என் பட்டறையை நீங்கள் சோதனை போட்டிருக்கிறீர்கள். மீன்தொட்டி விற்கிற கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஒரே அறை. மேடையில் பாடுகிறவர்கள் காதுக்குள் வைத்துக்கொள்கிற மானிட்டர் செய்வது என் வேலை. பார்வைக்கு இயர்போன்தான். ஆனால் ஒருவர் காதுக்குச் செய்தது இன்னொருவர் காதில் உட்காராது. காதுக்குள் பஞ்சு வைத்து, பசையை ஊற்றி, இறுகியதும் எடுத்தால் அந்தக் காதின் அச்சு கிடைக்கும். இழுப்பறைகளில் நீங்கள் பார்த்த ரோஜா நிறக் கட்டிகள் எல்லாம் அவைதான். உங்கள் ஆட்கள் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்களாம். கேட்டு எனக்கே சிரிப்பு வந்தது.

என் மனைவியும் முதலில் அப்படித்தான் வந்தாள், மேடையில் பாடுகிறவளாக. கீபோர்டு வாசிக்கிற அவளுடைய அண்ணன் கூட்டி வந்தார். செய்து கொடுத்த முதல் ஜோடியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தாள். அவள் வைத்திருந்த சத்தம் அவ்வளவு குறைவு. அண்ணனுக்குப் பொறுமையில்லை.

"பாப்பா, ஆன் பண்ணிருக்கியா இல்லையா?"

"கொஞ்சம் பேசாம இரு அண்ணா." பிறகு என்னைப் பார்த்து, "இடது பக்கம் ஒரு துளி முந்துதுங்க" என்றாள்.

நான் நம்பவில்லை. அவர்கள் போன பிறகு மீட்டரில் வைத்துப் பார்த்தேன். ஒரு துளி முந்தத்தான் செய்தது. இத்தனை வருடத் தொழிலில் அப்படி நான் மூக்குடைபட்டதில்லை. பிரித்து மறுபடி செய்தேன். அதிலும் குறை கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகும் செய்தேன். வரி ஆரம்பிப்பதற்கு முன்னால் பாடகர் மூச்சு இழுப்பார் இல்லையா, அந்த மூச்சு காதில் விழ வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. கடைசியில் ஒருநாள், "இதுல சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லைங்க" என்றாள். என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல ஜோடி அது. அதைக் கொடுத்த அன்றைக்கே, இனிமேல் இவள் வரமாட்டாளே என்றுதான் நினைத்தேன்.

கல்யாணம் பேசியது அவளுடைய அண்ணன்தான். நான் கேட்டிருக்கவே மாட்டேன். எனக்குப் பாட வராது. நாலு பேர் நடுவில் பேசவும் வராது.

அவள் கெட்டவள் இல்லை, மேடம். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கச்சேரி முடிந்து பெட்டியோடு வருவாள், தூங்குவாள், துணி துவைப்பாள், மறுபடி பெட்டி கட்டுவாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஏதாவது கேட்பேன். "நல்லா போச்சுங்க" என்பாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எப்படி இழுப்பது என்று எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு பட்டறைப் பக்கம் அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. எதற்கு வர வேண்டும்? நான் செய்து கொடுத்ததில்தான் குறையே இல்லையே.

பிறகு ஒரு மத்தியானம் படியேறி வந்தாள். "வலது பக்கம் மந்தமா இருக்குங்க. இன்னிக்கே சரிபண்ணியாகணும்." வாடிக்கையாளர் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தாள். வாங்கிப் பார்த்தேன், சரிசெய்தேன். சரிசெய்த கையோடு மேல் ஒலிகளையும் கொஞ்சம் தூக்கிவிட்டேன். மாட்டிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"ஐயோ, இப்பதாங்க உயிர் வந்திருக்கு. இத்தனை நாளும் போர்வைக்குள்ள இருந்து கேட்ட மாதிரி இருந்துச்சு."

அன்று அவள் உடனே கிளம்பவில்லை. பட்டறை மேசையில் திருப்புளிகளை ஒதுக்கிவிட்டு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து இது என்ன, அது என்ன என்று கேட்டாள். என் தோளில் கை வைத்துத்தான் எழுந்தாள். 'ஏன் செய்தீர்கள்' என்று நேற்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

கூர்மைக்குக் காது சீக்கிரம் பழகிவிடும். பழகிவிட்டால் முன்பு பளிச்சென்று இருந்ததே மங்கலாகத் தெரியும். சில மாதம் கழித்து மறுபடி வந்தாள். இன்னும் கொஞ்சம் தூக்கினேன். மறுபடி வந்தாள். இப்போது சத்தத்தையும் கூட்டி வைத்துக் கேட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கே அவள் காதிலிருந்து பாட்டு கேட்டது. குறைந்த சத்தத்தில் மூச்சைத் தேடிய பெண் அவள். வாடிக்கையாளர் ரசனையில் நான் தலையிடுவதில்லை.

ஒரு தடவை சந்தேகம் வந்து அவளைச் சோதித்தேன். மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக விடுவேன், கேட்டால் அவள் விரலைத் தூக்க வேண்டும். தாழ்ந்த ஒலிகளுக்கெல்லாம் சட்டென்று தூக்கினாள். மேலே போகப் போக விரல் தயங்கியது. ஓர் இடத்தில் விரல் எழவேயில்லை. அந்த ஒலி எனக்கு நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடியபடி, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து, நல்ல பிள்ளையாகக் காத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன்.

"என்னங்க, எல்லாம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு. உன் ரசனைதான் மாறிட்டு வருது. அதுக்குத் தக்க மாத்திக் குடுக்கிறேன்."

நம்பினாள். என்னைவிட இதில் தெரிந்தவர் யாரும் இல்லை என்பது அவளுடைய எண்ணம்.

பாடகரின் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி செருகியிருக்கும். அதன் வழியாகத்தான் ஒலி காதுக்குப் போகும். மைக் திடீரென்று அலறினால் அந்தச் சத்தத்தை அமுக்கி, காதைக் காப்பாற்றுகிற லிமிட்டர் அதற்குள் இருக்கிறது. அவள் வைக்கிற சத்தத்துக்கு அது அடிக்கடி குறுக்கே வந்தது. "கழுத்தப் பிடிக்கிற மாதிரி இருக்குங்க, கொஞ்சம் தளர்த்தி விடுங்களேன்" என்றாள். நான் அதை முழுவதும் அணைத்துவிட்டேன். அவள் தளர்த்தத்தான் சொன்னாள், அணைக்கச் சொல்லவில்லை. இங்கே அவள்மேல் பழி வந்துவிடக் கூடாது.

வீட்டில் அவளுக்குத் தெரியாமல் சில காரியங்கள் செய்தேன். அழைப்பு மணி கீச்சென்று அடிக்கும், அவள் திரும்ப மாட்டாள். அதைக் கழற்றிவிட்டுக் கனத்த ஓசையுள்ள மணியை மாட்டினேன். அவள் கைபேசியின் ஒலியை மாற்றினேன். கெட்டில் விசில் அடிக்கிறது என்றால் எங்கிருந்தாலும் ஓடிப் போய் நானே இறக்கிவிடுவேன். அவள் மனம் நோகக் கூடாது என்று அந்த வீட்டில் நான் ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மச்சானுக்கு மட்டும் ஏதோ தட்டியது. பட்டறைக்கு வந்து, அவள் உட்காருகிற அதே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மாப்ள, பாப்பா போன்ல கத்திக் கத்திப் பேசுறா. பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறா. ஒரு காது டாக்டர்கிட்ட காட்டிருவமா?"

"அவ கவனமெல்லாம் பாட்டுல இருக்கும் மச்சான். நான்தான் அப்பப்ப செக் பண்ணிட்டு இருக்கேனே."

"நீங்க பாத்தீங்கன்னா சரி. உங்களுக்குத் தெரியாததா?"

வாய் வரைக்கும் வந்தது, மேடம். மென்று விழுங்கிவிட்டேன். சொன்னால் என்ன ஆகும்? டாக்டர் மானிட்டரைக் கழற்றச் சொல்வார். ஓய்வு கொடுக்கச் சொல்வார். யார் இப்படிச் செய்து கொடுத்தது என்று கேட்பார். அதற்குப் பிறகு அவள் என் படி ஏறுவாளா? ஆனமட்டும் யோசித்தேன், வழி தெரியவில்லை. தெரியாதவன் கைக்குத் தெரிந்த வேலையைத்தானே செய்வான். அடுத்த தடவை வந்தபோது இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தேன்.

போன மாதம் அவளுக்குப் பெரிய வாய்ப்பு ஒன்று வந்தது. நல்ல பெயரெடுத்த குழு, ஊர் ஊராக நீண்ட பயணம். எத்தனையோ வருடமாக அவள் ஆசைப்பட்டது. ஒத்திகையின்போது அந்தக் குழுவின் ஒலிக்காரர், அவளுக்குச் சரியாகக் கேட்கிறதா என்று பார்ப்பதற்காக, அவள் மானிட்டரில் ஒன்றை வாங்கித் தன் காதோடு ஒட்டினார். உள்ளே வைக்கக்கூட இல்லை, சும்மா ஒட்டினார். சுடு பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி கையை உதறிவிட்டாராம்.

"யாருங்க இதச் செஞ்சது? இத மாட்டிக்கிட்டா இவங்க பாடுறாங்க?"

மச்சானும் வாங்கிப் பார்த்தார். பிறகு எனக்குப் போன் செய்தார். "மாப்ள" என்றார். அதற்குப் பிறகு மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்தது உங்கள் கையில் இருக்கிறது. தடித்த குரல்கள் அவளுக்குக் கேட்கும். குழந்தைப் பேச்சு பாதி கேட்காது. பறவைகள் கேட்காது. எந்நேரமும் காதுக்குள் ஒரு ரீங்காரம் இருக்கும், அது தூக்கத்திலும் போகாது. சுருதி நிற்காததால் இனி மேடையில் பாட முடியாது. போனது திரும்பாது.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். புதிதாக எதுவும் வாங்காதீர்கள், மேடம். உங்கள் இயர்போனின் வாயில் பொடியாக ஒரு வலை இருக்கும். வலது பக்கத்து வலையில் காதழுக்கு அடைத்திருக்கிறது, மேசைமேல் வைத்தபோதே பார்த்தேன். மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள், பழையபடி கேட்கும். உங்கள் காதிலும் குறை இல்லை, இயர்போனிலும் இல்லை.

அந்த மத்தியானம் அவள் கொண்டுவந்ததும் அதே அடைப்புதான். ஸ்டூலில் உட்காருவதற்கு முன்பே முடித்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால், "அவ்வளவுதானா?" என்று வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போயிருப்பாள். வலையை அவளுக்குத் தெரியாமல் சுத்தம் செய்துவிட்டு, "உன் காதே கொஞ்சம் மாறியிருக்கு, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அன்றைக்கு அவள் காது நான் பார்த்த காதுகளிலேயே நல்ல காது. அதற்குப் பிறகு அதில் வந்த குறை அத்தனையும் நான் உண்டாக்கியது. முதலில் தெரிந்தும் தெரியாமலும், விரல் எழாத அந்த நாளுக்குப் பிறகு நன்றாகத் தெரிந்தே. நீங்கள் எந்தப் பிரிவில் எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவளுக்குக் காது கேட்கும் கருவி பொருத்தப் போகிறார்கள் என்று நேற்று பேச்சுவாக்கில் சொன்னீர்கள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கொடுக்கிற மாதிரி ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு எது பிடிக்கும் என்று அவர்களுக்கு என்ன தெரியும்? அவளுடைய அச்சு மேல் இழுப்பறையில் தனியாக, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்களிடம் சொல்லி அதை எடுத்து வரச் சொல்லுங்கள். ஜெயிலுக்குள்ளே ஒரு மேசையும் நல்ல விளக்கும் கொடுத்தால் போதும், நானே செய்து தருகிறேன். மாட்டிப் பார்க்க அவளை மச்சானோடு வரச் சொல்லுங்கள், நான் தலை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன். ஆனால் முதல் தடவையிலேயே சரியாக அமைந்துவிடும் என்று அவளிடம் சொல்லிவிட வேண்டாம், அவள் அடிக்கடி வர வேண்டியிருக்கும்.