டிரைவர் அண்ணன் தட்டிய கதவுகள்

மேடையில் வீற்றிருக்கும் சங்க நிர்வாகிகளே, தந்தையை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகளே, பணிமனையில் என்னோடு வியர்வை சிந்திய தோழர்களே, வணக்கம்!

நம் ஓய்வுபெற்ற பேருந்துத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர், நாமெல்லாம் 'டிரைவர் அண்ணன்' என்று அழைத்த அந்த மனிதர் இன்று நம்மிடையே இல்லை. அவர் ஓட்டிய வண்டியில் நடத்துநராக நின்றவன் நான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

அண்ணி காலமானபின் அண்ணன் தனியாளானார். மகள் வெளிநாட்டில். "சாப்பிட்டீங்களாப்பா?" என்று தொலைபேசியில் கேட்பார். "சாப்டாச்சும்மா" என்பார் அண்ணன். உண்மையில் சோற்றைக் கண்டாலே அவருக்குக் குமட்டும். எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்கியதுபோல இருக்கும். வீங்கிய கால் செருப்பில் நுழையாது. படுத்தால் மூச்சு முட்டும். உடம்பெல்லாம் அரிப்பு. முதுகைச் சொறிந்துவிட அந்த வீட்டில் ஒரு கை இல்லையே, தோழர்களே! சுவர் மூலையில் தேய்த்துக்கொள்வார். கேட்டால், "வயசாச்சுல்ல, வண்டி தேயத்தானே செய்யும்?" என்று சிரிப்பார்.

ஒருநாள் சங்கக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று என் பக்கம் திரும்பி, "அடுத்த ஸ்டாப் எது?" என்றார். அரங்கம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண்ணில் விளையாட்டே இல்லை; வண்டி ஓட்டுவதாகவே நினைத்துக் கேட்டார். கையோடு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுவிட்டன, ரத்தத்தில் தேங்கிய கழிவுதான் தலையைக் குழப்புகிறது என்றார் டாக்டரம்மா.

"இது வெறும் வயசு இல்லைங்கய்யா, நோய். முன்னாடியே வந்திருக்கலாமே?"

அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "காலு வீங்கியிருக்குன்னு பாத்துச் சொல்ல வீட்ல யாரும்மா இருக்கா?"

டயாலிசிஸில் ரத்தம் சுத்தமாகித் தலை தெளிந்ததும் அவர் வீட்டில் முடங்கினாரா? இல்லை! ஊசி குத்திய கையோடு போய், தனியாக வாழும் நம் ஆட்களின் கதவைத் தட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து, நீர் கோத்த வீக்கம் இருக்கிறதா என்று கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். நம் மெக்கானிக்கின் காலில் விழுந்த குழி எழும்பவே இல்லை. "மாப்ள, சட்டையப் போடு, கெளம்பு" என்றார். நேரத்தோடு மருந்து கிடைத்தது. அந்த மெக்கானிக் இதோ, பின்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணனுக்கு அந்த நேரம் வாய்க்கவில்லை. இதயமும் சோர்ந்துவிட்டது. மகள் விமானம் ஏறி வருவதற்குள் போய்விட்டார்.

நம் பணிமனையின் பழைய டைம்கீப்பர் வீட்டுக்குப் போகணும், போகணும் என்று அண்ணன் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். முடியவில்லை. டைம்கீப்பரும் தனியாகத்தான் இருக்கிறார். இந்தக் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை. ஏன் வரவில்லை? யாருக்காவது தெரியுமா?

அண்ணன் தொடங்கியதை இந்தச் சங்கம் கைவிடாது. இங்கிருந்து நேரே அந்த வீட்டுக்குத்தான் போகிறேன். என்னோடு யார் வருகிறீர்கள்?