திரையில் அவள் எழவில்லை

தேநீருக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் சூடாக இருக்கிறது. நீங்கள் கேட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒளிக்கும்படியான காரியம் எதையும் நான் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

என் தங்கையை வாலு என்றுதான் கூப்பிடுவோம். அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு அவளுக்குத் தலை வாரியது, காய்ச்சலில் பக்கத்தில் படுத்தது, கல்லூரியில் சேர்த்தது எல்லாம் நான்தான். எனக்கு வந்த வரன்களைத் தட்டிக்கழித்ததும் அவளுக்காகவே. அவள் அப்படிக் கேட்கவில்லை என்பது உண்மை. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள்; என்னிடம் அவளுக்கு அழவேண்டிய அவசியமே வந்ததில்லை.

பிறகு அவள் ஒரு பல் டாக்டரைக் காதலித்தாள். நல்ல மனிதர். "மத்தவங்களை வாயைத் திறங்கன்னு சொல்லிச் சொல்லி, தன் வாயைத் திறக்கவே மறந்துட்டாருக்கா" என்று சிரிப்பாள். கடல் தாண்டி ஒரு மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. கல்யாணம் ஆனதும் இருவரும் கிளம்புவதாக ஏற்பாடு. அந்தச் சமயத்தில்தான் வாலு ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். முதுகில் அடி, கால்கள் துவண்டுவிட்டன. நரம்பு அறுபடவில்லை, விடாமல் பயிற்சி செய்தால் நடப்பாள் என்றார்கள். "என் காலால நடந்துதான் கல்யாணத்துக்கு வருவேன்" என்று அவளே தேதியைத் தள்ளிவைத்தாள்.

அந்தப் பயிற்சியைத் தருவதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. சுவரைச் சுற்றியிருக்கும் கேமராக்கள் உடம்பின் அசைவைப் படிக்கும். எதிரே பெரிய திரையில் நோயாளியின் சாயலில் ஓர் உருவம் அதே அசைவைச் செய்யும். அதை அவதார் என்போம். கண் கண்டதை உடம்பு நம்பிவிடும் என்பதுதான் என் ஆராய்ச்சி. நோயாளி காலை விரற்கடை தூக்கினால், அவதார் ஒரு சாண் தூக்குவதாகக் காட்டுவோம். நம்மால் முடிகிறதே என்ற தெம்பில் அடுத்த முறை அவர் நிஜமாகவே கூடுதலாகத் தூக்குவார். பிற்பாடு அவரிடமே சொல்லிவிடுகிற நல்ல பொய் அது.

வாலுவுக்கு அதை நான் திருப்பிப் போட்டேன். அவள் ஒரு சாண் தூக்கினாள். திரையில் விரற்கடை அசைந்தது.

கணினியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். சொந்தத் தங்கையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றபோது ஆய்வகத்தில் யாரும் குறுக்கே வரவில்லை.

"என் சக்களத்தி இன்னைக்கு என்ன சொல்றா?" என்று அந்த உருவத்தை விசாரித்துக்கொண்டேதான் வருவாள். "சோம்பேறிக் கழுதை. நான் உயிரைக் குடுத்துத் தூக்குறேன், அவ அசைய மாட்டேங்கிறாளேக்கா."

"அவசரப்படாதடி. அக்கா இருக்கேன்ல."

போகப்போகக் கேலி குறைந்தது. பிறகு காலும் அடங்கிக்கொண்டே வந்தது. முடியாது என்று கண் சொல்லிக்கொண்டே இருந்தால் உடம்பு எவ்வளவு காலம்தான் எதிர்த்துப் பேசும்? வீட்டில் அவளைக் குளிப்பாட்டி, தூக்கி உட்காரவைத்து, பழையபடி தலை வாரிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கப் பார்க்க ஏக்கம்தானே? திரைச்சீலையை இழுத்துவிட்டேன். அதன்பிறகு வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா?

ஒரு நாள் பயிற்சியின் நடுவே மின்சாரம் போய்த் திரை அணைந்தது. அரையிருட்டில் என் தோள் பட்டு, கேமராக்களுக்கு வெளிச்சம் தரும் கனமான விளக்குத் தாங்கி ஒன்று என்மேல் சாய்ந்தது. "அக்கா, தலை" என்று கத்திக்கொண்டே வாலு நாற்காலியைவிட்டு எழுந்து, ஓரடி எடுத்துவைத்து, அதைத் தாங்கிப் பிடித்தாள். பிறகுதான் தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நான் நின்னேன். நின்னேன்ல?"

"நாற்காலிக் கையைப் பிடிச்சு எம்புனடி. நிக்கல."

"இல்லக்கா, பாதம் தரையில அழுந்துச்சு. சில்லுன்னு இருந்துச்சு."

"சரி, கரண்ட் வரட்டும், பாத்துடலாம்."

திரைக்குத்தான் மின்சாரம் வேண்டும். கேமராவும் கணினியும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன; அவள் எழுந்தது அப்படியே பதிவாகியிருந்தது. அவதாருக்குப் போகும் அசைவில் இடுப்புக்குக் கீழிருந்ததையெல்லாம் நீக்கிவிட்டு, மின்சாரம் வந்ததும் அவதாரை ஓடவிட்டேன். அது உட்கார்ந்தபடியே கைகளை மட்டும் நீட்டியது. இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன்.

"அப்போ எனக்குச் சும்மா தோணுனதுதானாக்கா?"

"ஆசை அப்படித்தாண்டி தோணவைக்கும்."

தொடையை மெல்லத் தட்டிப் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கே பல் டாக்டரைப் போனில் கூப்பிட்டு, நின்றதுபோல இருந்ததையும் சொல்லி, எனக்காகக் காத்திருக்காதீங்க, நீங்க கிளம்புங்க என்றாள். அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கிளம்பவில்லை. நேராக ஆய்வகத்துக்கு வந்தார்.

"நின்னேன்னு அவ சொல்றா. அந்த நேரத்துக் கேமராப் படத்தைக் காட்டுங்க. பொம்மையை இல்ல, அவளை."

நான் மறுத்தேன். அவர் என் மேலதிகாரியிடம் போனார். நீங்கள் பார்த்த படம் அதுதான். அதை ஏன் அழிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். தன்னையும் மறந்து எனக்காகத் தங்கை எழுந்து நின்ற படம் அது. எந்த அக்காவுக்கு அழிக்க மனசு வரும்? வீட்டில் அவள் தூங்கும்போதெல்லாம் நான் அதைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், நடக்கக்கூடியவளை நடக்கவிடாமல் உட்காரவைத்தேன். தெரிந்தேதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று வாலு ஊன்றுகோலோடு இந்த ஸ்டேஷனுக்கு வந்ததாகச் சொன்னீர்கள். இந்தக் கதவுவரை தானே நடந்துவந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே வராமல் திரும்பிவிட்டாளாம். அவளை அவ்வளவு தூரம் நடக்கவிட்டிருக்கக் கூடாது. பாவம், கால் வலித்திருக்கும். இல்லாவிட்டால் என்னைப் பார்க்காமல் போவாளா?